கோப்பைத் தளத்தில் ஏற்றினால் போதுமா, இன்னொரு பொத்தானையும் அழுத்த வேண்டுமா?

கேள்வி: பட்டப்பின் படிப்புகளுக்கான நிகழ்நிலைக் கற்றல் தளங்களை இன்னும் இலகுவாகப் பயன்படுத்தும்படி செய்ய என்ன வழி?

இதைக் கேட்டவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறீர்கள், அல்லது இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எப்படியோ, உங்கள் மேசையில் பெரிய திரையும் அறுந்துபோகாத இணைப்பும் இருக்கும். இந்தக் கேள்விக்குப் பொதுவாக நிறம், எழுத்தளவு, மெனு என்றுதான் பதில் சொல்வார்கள். எனக்கு வேண்டியது வேறு. நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைத் தளம் எனக்குச் சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. வேலை செய்துகொண்டே கல்வி முதுமாணி படித்தேன். பட்டப்பின் படிப்புக்கு வருகிறவர்களில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர். பகலில் பாடசாலை, மாலையில் பிள்ளைகள், இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் ஒப்படை. மடிக்கணினி வீட்டில் ஒன்றுதான், அதுவும் தம்பியுடையது. ஆகவே தொண்ணூறு வீதம் போனில்தான் படித்தேன் என்று சொல்லலாம்.

இரண்டாம் பருவத்தில் கணிப்பீடு பற்றிய பாடத்துக்கு ஒரு பெரிய ஒப்படை. மழைக்காலம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சமையலறை யன்னல் ஓரத்தில் மட்டும்தான் டேட்டா ஓரளவு ஓடும். அங்கே போனை வைத்துக் கோப்பை ஏற்றினேன். ஏறி முடிந்தது, கோப்பின் பெயர், திகதி, நேரம் எல்லாம் திரையில் வந்தன. சரி என்று போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புள்ளிப் பட்டியல் வந்தபோது என் பெயருக்கு நேரே 'சமர்ப்பிக்கவில்லை'. மின்னஞ்சல் எழுதிக் கேட்டால், "உங்கள் கோப்பு வரைவாகத்தான் இருக்கிறது, நீங்கள் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தவில்லை" என்று பதில். கோப்பு அவர்களிடம்தான் இருக்கிறது, ஏற்றிய நேரமும் இருக்கிறது. ஆனாலும் தாமதம் என்று புள்ளியைக் குறைத்தார்கள்.

"அறிவுறுத்தலை ஒழுங்காக வாசித்திருக்க வேண்டும்" என்று இங்கே ஒருவராவது எழுதுவார், தெரியும். வாசித்தேன். முதல் பருவத்தில் அதே தளத்தில் எல்லாப் பாடங்களுக்கும் கோப்பை ஏற்றினாலே போதும், வேறு பொத்தானே கிடையாது. எங்கள் தளம் மூடுல் (Moodle) என்ற கற்றல் மென்பொருளில் இயங்குவது. அதில் ஒவ்வோர் ஒப்படைக்கும் 'மாணவர் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்' என்ற அமைப்பை விரிவுரையாளர் தனித்தனியாக 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ வைக்கலாம். ஒருவர் 'இல்லை' என்று விடுவார், இன்னொருவர் 'ஆம்' என்று மாற்றுவார். மாணவருக்கு அது தெரிய வழியில்லை. போன் திரையில் அந்தப் பொத்தான் கீழே ஒளிந்திருக்கும், வரைவு என்ற குறிப்பும் அட்டவணைக்குள் ஒரு வரியாக நிற்கும். ஹப்புத்தளையில் இருந்து எங்களோடு படித்த ஓர் ஆசிரியருக்கும், கொழும்பிலேயே இருக்கிற ஒருவருக்கும் இதே கதைதான். மூன்று பேர் ஒரே படியில் விழுந்தால் படியைத்தான் பார்க்க வேண்டும்.

மூடுலைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2002இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது, உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அதன் செயலியில் பாடங்களை இறக்கி வைத்து இணையம் இல்லாத நேரத்தில் வாசிக்கலாம், அது எனக்குப் பெரிய உதவி. அதை ஆளுக்கொரு விதமாக அமைத்துவிட்டு மாணவரைக் குறை சொல்வதுதான் பொறுக்கவில்லை. சமர்ப்பித்ததும் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். டேட்டா செத்துக் கிடக்கும் நேரத்திலும் எஸ்எம்எஸ் எங்கள் மலைக்கு வந்து சேரும்.

முடிவு நேரமும் அப்படித்தான். ஒப்படை வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12:00 என்று போட்டால் அது வியாழன் முடிகிற நேரமா, வெள்ளி முடிகிற நேரமா? கணினிக்கு அது வெள்ளி தொடங்கும் நேரம். வெள்ளி இரவு வேலையை முடித்துவிட்டு உட்காருகிற மனிதருக்குக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும். இரவு 11:59 என்று போட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

அப்புறம் விரிவுரைப் பதிவுகள். இரண்டு மணிநேர வீடியோவை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அதன் ஒலியை மட்டும் தனியாக எடுத்து நொடிக்கு 32 கிலோபிட் என்ற குறைந்த தரத்தில் வைத்தால் முழு விரிவுரையும் 30 எம்பிக்குள் அடங்கும். 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடியிருந்தபோது கற்றல் தளங்களுக்கு டேட்டா கட்டணம் இல்லாமல் போய்வர வசதி செய்தார்கள், அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் காசு மட்டும் பிரச்சினை இல்லையே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது போன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கி சிக்னலும் சேர்ந்து போய்விடும். சின்னக் கோப்பாக இருந்தால் கிடைக்கிற பத்து நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

தமிழில் பதில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. எங்களில் மூத்த ஆசிரியர்கள் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள். அதைத் தளத்தின் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். எல்லாக் கருவியிலும் சரியாகத் தெரியும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றித் தரும் வசதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதையே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பதிவுப் படிவத்தையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டிலக்கம், வீதி என்று இரண்டு கட்டங்கள், இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எனக்கு வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாலகம், அவ்வளவுதான் எங்கள் முகவரி. கடிதம் தோட்ட ஒபிசுக்கு வரும், அங்கே யாராவது நினைத்துக் கொடுத்தனுப்பினால் வீட்டுக்கு வரும். என் அக்காவுக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு நாள் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. அவள் அன்றைக்கு அழுததை நான் மறக்கவில்லை. இத்தனை தலைமுறை கொழுந்து பறித்த பிறகும் ஒரு வீட்டுக்குத் தனி முகவரி கொடுக்க இந்த நாட்டுக்கு மனம் வரவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்பீர்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த எனக்குச் சம்பந்தம் இருந்தது.

ஆய்வு செய்கிறவர் என்றால் உங்களுக்கு ஒரு யோசனை. 1986இல் ஜோன் புரூக் உருவாக்கிய 10 கூற்றுகள் கொண்ட சஸ் (SUS) அளவுகோலை, ஒரு தளம் பயன்படுத்த எவ்வளவு இலகு என்று அளக்கும் வினாக்கொத்தை, எல்லோரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள், நல்ல கருவிதான். ஆனால் அதைக் கணினி ஆய்வுகூடத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு இலகுவை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஐந்து பேரை மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் தேடுங்கள். அவரவர் போனில், அவரவர் வீட்டில், வேலை முடிந்த நேரத்தில் ஓர் ஒப்படையை ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒருவராக நானும் வரத் தயார். ஞாயிறு மாலை என்றால் எனக்கு வசதி, பாடசாலை நாட்களில் முடியாது.