கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். கூடுதல் பணம் கொடுத்து, அடித்துவைத்த கூடாரம் எடுக்கலாமா?

நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள். 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 2027 ஜூனில் கிளாஸ்டன்பரிக்குப் போக ஆசை. சொந்தக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போவதா, விழாக்காரர்களே அடித்துவைத்திருக்கும் கூடாரத்துக்குப் பணம் கட்டுவதா என்பது உங்கள் கேள்வி. ஊரிலிருந்து அம்மாவும் வரலாம், அவருக்கு மூட்டுவலி என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

நீங்கள் நால்வர் மட்டும் என்றால், விழா இடத்தைச் சுற்றியுள்ள வேலிக்கு உள்ளே இருக்கும் குடும்ப முகாம் மைதானத்தில் சொந்தக் கூடாரம் அடியுங்கள். அம்மாவும் வருகிறார் என்றால், தயங்காமல் பணத்தைக் கட்டி, அடித்துவைத்த கூடாரங்களில் பெரிய வட்டமான பருத்தித் துணிக் கூடாரமான பெல் டென்ட் எடுங்கள். ஏன் இப்படி இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

கூடுதல் பணம் என்றதும் எல்லோரும் கட்டில், விளக்கு, தரைவிரிப்பு என்று கூடாரத்துக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். விளம்பரப் படங்களும் அதைத்தான் காட்டுகின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கூடாரம் எங்கே இருக்கிறது என்பதை. கிளாஸ்டன்பரி சாமர்செட் மாவட்டத்தில், பில்டன் கிராமத்துக்குப் பக்கத்தில், வொர்த்தி ஃபார்ம் என்ற பால்பண்ணையில் நடக்கிறது. மைக்கேல் ஈவிஸ் 1970-இல் முதல் விழாவை நடத்தியபோது நுழைவு ஒரு பவுண்ட், கூடவே பண்ணைப் பால் இலவசம். இன்று ஊழியர்களையும் சேர்த்து இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஒரு மைலுக்கு மேல் இருக்கும், அதுவும் கூட்டத்துக்கு நடுவே, மேடும் பள்ளமுமாக. 4 வயதுப் பிள்ளையோடு அந்த நடை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விழாவின் அதிகாரபூர்வமான அடித்துவைத்த கூடாரங்கள் வொர்த்தி வியூ, ஸ்டிக்லிஞ்ச் என்ற இரண்டு இடங்களில் இருக்கின்றன. இரண்டுமே வேலிக்கு வெளியே. வொர்த்தி வியூ மேட்டின் மேல் இருப்பதால் அங்கிருந்து விழா முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். இரவில் அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம், அத்தனை அழகு. ஆனால் காலையில் இறங்கிப் போகிற அந்தச் சரிவை மாலையில் ஏற வேண்டும், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு விழாவின் முக்கியமான நேரம் மதியம்தான். கிட்ஸ்ஃபீல்ட் என்று பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. வித்தை, பொம்மலாட்டம், களிமண், வண்ணப்பூச்சு எல்லாம் அங்கே பகலில் நடக்கும். காலை முழுக்க அங்கே ஆடிவிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் சின்னவர் அழத் தொடங்குவார். அந்த நேரத்தில் கூடாரத்துக்குப் போய் ஒரு மணி நேரம் படுக்க முடிந்தால் மாலை ஆறு மணிக் கச்சேரியை நீங்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். முடியாவிட்டால் அன்றைய நாள் மூன்று மணிக்கே முடிந்துவிடும். இவ்வளவுதான் கணக்கு. வேலிக்குள் குடும்ப முகாம்களாக ஒதுக்கிய காக்மில் மெடோவும் விக்கெட் கிரவுண்டும் இதற்காகத்தான் இருக்கின்றன. சுற்றிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் என்பதால் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் பாட்டு அலறுவதும் குறைவு. உங்கள் 9 வயதுப் பெரியவருக்கு அரை மணி நேரத்தில் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேடையில் யார் பாடினார்கள் என்பதை மறந்துவிட்டார்கள், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளின் பெயர்களை இன்னும் சொல்கிறார்கள்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை புதன்கிழமை. புதன் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கிறார்கள், அதற்கு முன்பே வரிசை நீண்டிருக்கும். குடும்ப மைதானங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் வியாழக்கிழமை சாவகாசமாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து முகாம் வரைக்கும், கூடாரம், படுக்கை, துணி, சாப்பாடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய சக்கரம் வைத்த டிராலி வாங்குங்கள். சின்னச் சக்கரம் சேற்றில் மட்டுமல்ல, காய்ந்த புல்மேட்டிலும் திணறும். அடித்துவைத்த கூடாரக்காரர்களுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாவகாசமாகப் படுக்கலாம். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இதற்குத்தான். உங்கள் இருவரில் ஒருவருக்கு முதுகுவலி இருந்தாலும் என் பதில் மாறிவிடும்.

சொந்தக் கூடாரம் என்று முடிவெடுத்தால், மிச்சமாகும் பணத்தைக் கூடாரத்திலேயே போடுங்கள். நால்வர் கூடாரம் என்று அட்டையில் எழுதியிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், பைகளுக்கு இடமில்லை என்று அர்த்தம். நால்வருக்கு ஆறு பேர் கூடாரம் வேண்டும். படுக்கையறைத் துணி கறுப்பாக, வெளிச்சம் புகாததாக இருப்பதைத் தேடி வாங்குங்கள். இது ஆடம்பரம் இல்லை. ஜூன் கடைசியில் அங்கே காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். சாதாரண நைலான் கூடாரத்தில் பிள்ளைகள் இருட்டவில்லை என்று தூங்க மாட்டார்கள், ஐந்து மணிக்கு எழுந்தும் விடுவார்கள். வெயில் அடிக்கிற நாளில் எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருக்க முடியாது.

அப்புறம் குளிர். பகலில் வேர்க்கும், நள்ளிரவில் பத்து டிகிரிக்கு இறங்கும். ஸ்லீப்பிங் பேக் நன்றாக இருந்தாலும் குளிர் கீழேயிருந்து வரும். வெறும் காற்றுமெத்தை தரையின் குளிரை அப்படியே மேலே கடத்திவிடும். அதன்மேல் ஒரு நுரைப்பாயோ தடித்த கம்பளியோ விரித்துவிட்டுப் பிள்ளைகளைப் படுக்கவையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே அவர்கள் இரவு முழுக்க அசையாமல் தூங்குவார்கள்.

எங்கே அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அது களிமண் பூமி, தண்ணீரை இறங்க விடாது. 2005-இல் வெள்ளிக்கிழமை காலை இடியோடு கொட்டிய மழையில் பள்ளத்தில் இருந்த கூடாரங்கள் அப்படியே மூழ்கிப்போயின. தட்டையாக, வசதியாகத் தெரிகிற இடம் சில சமயம் தண்ணீர் வந்து நிற்கும் இடமாக இருக்கும். கொஞ்சம் சரிவாக இருந்தாலும் மேட்டுப் பக்கமே நல்லது. தலைமாட்டை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

இரவில் கழிப்பறைக்காகச் சின்னவரை எழுப்பி நடத்திக் கூட்டிப்போக முடியாது. மூடி போட்ட சின்ன வாளியோ, பிள்ளைகள் உட்காருகிற கழிப்புச் சட்டியோ கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரம் போகவைக்காதீர்கள். பண்ணைக்குள் ஓடைகள் ஓடுகின்றன, சிறுநீர் அதில் கலந்தால் மீன்கள் சாகும் என்று விழாக்காரர்கள் வருடா வருடம் கெஞ்சிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஐந்து நாள் நாம் படுக்கிற அந்தப் புல்தான் மாடுகளுக்கு மேய்ச்சல். 2026-இல் விழாவே இல்லாமல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஒரு கூடாரம் வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் அந்த மைதானங்களைப் பார்த்தால் மனசு வலிக்கும். மண்ணில் விட்டுவந்த இரும்பு முளை ஒன்று புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகலாம். திரும்பத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று தோன்றினால், அந்த ஒரு காரணத்துக்காகவே அடித்துவைத்த கூடாரம் எடுப்பது சரி.

இனி அம்மாவின் விஷயம். மூட்டுவலி உள்ளவரைத் தரையில் படுக்கவைத்து, குனிந்து நுழைகிற கூடாரத்தில் ஐந்து நாள் வைத்திருக்க முடியாது. அவருக்கு நின்று உடை மாற்ற இடம் வேண்டும், தரையிலிருந்து உயர்ந்த படுக்கை வேண்டும், வெந்நீர்க் குளியல் வேண்டும். இங்கேதான் பெல் டென்ட் கொடுத்த காசுக்கு உழைக்கும். பருத்தித் துணி, நடுவில் ஒரே கம்பம், ஐந்து மீட்டர் விட்டம், நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். பருத்தி காற்றை விடுவதால் காலையில் உள்ளே ஈரம் சொட்டாது, வெக்கையும் குறைவு. வொர்த்தி வியூவில் கழிப்பறையும் குளியலறையும் வேலிக்குள் இருப்பவற்றைவிட எவ்வளவோ மேல். அந்த மேடு அம்மாவுக்குக் கஷ்டம்தான். அதனால் அவரை ஒரு நாளில் ஒரே ஒரு தடவை இறக்கி ஏற்றுவது மாதிரித் திட்டமிடுங்கள். ஒரு நாள் முழுக்க அவர் மேலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் அவருக்கு அது விழாதான். சின்னவரும் பாட்டியும் மதியம் மேலே தூங்க, நீங்கள் பெரியவரோடு கீழே பாட்டுக் கேட்கலாம். ஆக, மதியப் பிரச்சினைக்கும் வேறு வழி கிடைத்துவிடுகிறது.

அவரால் நடக்கவே சிரமம் என்கிற அளவு இருந்தால், ஸ்பிரிங் கிரவுண்ட் என்று உடல் இயலாமை உள்ளவர்களுக்கான முகாம் வேலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு கூடார வகையின் விவரத்தையும் வரி விடாமல் படியுங்கள். அடித்துவைத்த கூடாரம் என்றால் படுக்கை இருக்கும் என்று அர்த்தமில்லை. பல வகைகளில் வெறும் கூடாரம் மட்டும்தான், மெத்தையும் போர்வையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சுற்றியுள்ள பண்ணைகளில் தனியார் நடத்தும் ஆடம்பர முகாம்களும் உண்டு. அங்கே விலை எங்கேயோ போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கதவுக்குப் பத்து நிமிட நடை என்ற விளம்பரத்தை நம்பி ஒன்றை எடுத்தது. கதவுக்குப் பத்து நிமிடம் என்பது உண்மைதான். கதவிலிருந்து விழாவின் முக்கிய மேடையான பிரமிட் மேடைக்கு எவ்வளவு நேரம் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. எந்த இடமானாலும் விழா வரைபடத்தைத் திறந்து, உங்கள் கூடாரத்திலிருந்து கிட்ஸ்ஃபீல்ட் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிறகு விலையைப் பார்க்கலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், டார்செட்டில் லல்வொர்த் கோட்டை வளாகத்தில் நடக்கும் கேம்ப் பெஸ்டிவலுக்கு முதலில் போய்ப் பாருங்கள். 2008-இல் தொடங்கியது, பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காகவே நடத்துவது. கிளாஸ்டன்பரியைவிட மிகச் சிறியது. உங்கள் பிள்ளைகள் கூடாரத்தில் தூங்குவார்களா என்று தெரிந்துகொள்ள அது போதும். பெல் டென்ட் வாடகைக்கும் அங்கே கிடைக்கும்.

கடைசியாக, எதை முதலில் வாங்குவது என்பது. விழா டிக்கெட் கிடைத்த பிறகுதான் வொர்த்தி வியூ கூடாரம் வாங்க முடியும். தனியார் முகாமில் கூடாரம் வாங்கினால் விழா டிக்கெட்டும் சேர்ந்து வரும் என்று எண்ணிவிடாதீர்கள், அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உங்கள் போட்டோ அச்சாகியிருக்கும், வேறு யாருக்கும் மாற்ற முடியாது. டிக்கெட் விற்பனைக்கு முன்பே நீங்கள் இருவரும், அம்மாவும், போட்டோவோடு தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் வேண்டாம், பதிவும் வேண்டாம். 2025-இல் வயதுவந்தோருக்கான டிக்கெட் 373.50 பவுண்ட், அதோடு முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்ட். அந்த முறை விற்பனையன்று 75 பவுண்ட் முன்பணம் கட்டி மீதியை ஏப்ரலில் கட்ட முடிந்தது. 2025 விழாவின் பொது விற்பனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய வியாழன் மாலை, பேருந்துப் பயணமும் சேர்ந்த டிக்கெட்டுகளைத் தனியாக விற்றார்கள். பெல் டென்ட் எடுப்பதாக இருந்தால் தூக்க வேண்டிய சுமை குறைவு என்பதால், இந்தப் பேருந்து டிக்கெட்டுக்கும் சேர்த்து முயன்று பாருங்கள். சொந்தக் கூடாரம் என்றால் கார்தான் சரிப்படும்.