பயத்தில் சேரும் எடை

வணக்கம் ஐயா,

மாதிரி விமானங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி மூன்று சிறிய விமானங்கள் செய்திருக்கிறேன். மூன்றுமே பேட்டரியில் பறப்பவை. இப்போது பெரிதாக ஒன்று செய்ய ஆசை. இறக்கை முனைக்கு முனை 2.2 மீட்டர், 30 சிசி பெட்ரோல் எஞ்சின் என்று போட்டிருந்த ஒரு வரைபடத்தை வாங்கினேன். விரித்துப் பார்த்ததும் மலைத்துப்போனேன். செய்முறை விளக்கம் எதுவும் இல்லை, கோடுகள் மட்டும்தான். வலது இறக்கைதான் இருக்கிறது, இடது இறக்கையைக் காணோம்.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு அதில் காட்டியிருக்கும் மரம் ரொம்ப மெல்லிசாகத் தெரிகிறது. இறக்கையின் குறுக்கே வரிசையாக நிற்கும் 3 மில்லிமீட்டர் ரிப்புகளை 5 மில்லிமீட்டராகவும், உடல் முழுவதையும் பிளைவுட்டிலும் செய்துவிடலாமா? கூடுதல் எடைக்கு ஈடாக 50 சிசி எஞ்சின் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர், "முழுதாகச் செய்த விமானமே கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

இடது இறக்கையை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன வேலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் ஒன்றை மட்டும் வரைந்து விடுவது வழக்கம். வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தாள் முழுக்கச் சீராகத் தேயுங்கள். கோடுகள் மறுபக்கம் தெளிவாகத் தெரியும். திருப்பிப் போட்டால் அதுதான் இடது இறக்கை. அதன் மேல் கண்ணாடித்தாள் விரித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். அதற்கு முன் நகலை அளவுகோல் வைத்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகல் இயந்திரம் ஒரு திசையில் மட்டும் கொஞ்சம் இழுத்துவிடுவது உண்டு. 2.2 மீட்டரில் ஒரு சதவீதம் என்றாலே 22 மில்லிமீட்டர்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வேண்டாம். ரிப்பைத் தடிமனாக்க வேண்டாம், உடலைப் பிளைவுட்டில் செய்ய வேண்டாம், 50 சிசி எஞ்சினும் வேண்டாம்.

மரம் மெல்லிசாகத் தெரிவது உங்களுக்கு மட்டுமல்ல. பெட்ரோல் எஞ்சின், ஆள் உயரத்தைத் தாண்டும் இறக்கை என்றதும் கை தானாகவே தடித்த பலகையைத் தேடிப் போகிறது. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பசை. 6, 7 கிலோவில் முடிய வேண்டிய விமானம் 9 கிலோவுக்குப் போய்விடும். எடை கூடிய விமானம் வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். இறங்கும்போதும் அதே வேகம். தரைக்குப் பக்கத்தில் திரும்புகையில் வேகம் சற்றுக் குறைந்தால் ஒரு பக்க இறக்கை சட்டென்று சாய்ந்துவிடும், மீட்டெடுக்க உயரம் இருக்காது. பெரிய எஞ்சின் இதற்கு மருந்தாகாது. எஞ்சின் பெரிதானால் ப்ரொப்பெல்லர் பெரிதாகும், அது தரையில் படாமலிருக்கச் சக்கரக்கால் உயரமாக வேண்டும், டேங்க் பெரிதாகும், அதிர்வும் கூடும். அதையெல்லாம் தாங்க மறுபடியும் மரம் சேர்ப்பீர்கள்.

வால் பக்கம் இன்னும் மோசம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் எடை நடுநிலையாக நிற்க வேண்டிய புள்ளியிலிருந்து எஞ்சின் 25 சென்டிமீட்டர் முன்னால், வால் 100 சென்டிமீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். வாலில் 50 கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் 200 கிராம் ஈயம் கட்ட வேண்டும். மொத்தம் 250 கிராம், அதில் ஒரு கிராம்கூட வலிமைக்காக வந்ததில்லை.

அப்படியென்றால் வலிமை எங்கிருந்து வருகிறது? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் தெரிந்துகொள்வது நல்லது. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பால்சா என்ற மிக லேசான மரத்தில் நான்கு குச்சிகள் எடுங்கள். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக, 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரு முனைகளில் மட்டும் கட்டை வைத்து ஒட்டுங்கள். மற்ற இரண்டையும் அதே போல ஒட்டி, இடைவெளி முழுவதையும் 2 மில்லிமீட்டர் பால்சாத் தகட்டால் அடைத்துவிடுங்கள். தகட்டின் நாரோட்டம், அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். பசை காய்ந்ததும் இரண்டையும் புத்தகங்களுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து நடுவில் அழுத்துங்கள். முதலாவது உடனே வளையும், இரண்டு குச்சிகளும் தனித்தனியாக வளைவது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது அசைந்து கொடுக்காது. கூடுதலாகச் சேர்ந்தது சில கிராம் தகடு.

இப்போது வரைபடத்துக்குத் திரும்பிப் போங்கள். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஸ்பார்களுக்கு நடுவே, பெரும்பாலும் உடலுக்குப் பக்கத்தில் உள்ள ரிப்புகளுக்கு இடையில், சின்னச் சின்னச் சதுரங்களும் நாரோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். நீங்கள் செய்து பார்த்த தகடு அதுதான். ஷியர் வெப் என்பார்கள். இறக்கையின் பளுவைத் தாங்குவது அந்த ஸ்பாரும் தகடும் சேர்ந்த அமைப்புதான். ரிப்பின் முக்கிய வேலை இறக்கைக்கு வடிவம் கொடுப்பது, அதற்கு 3 மில்லிமீட்டர் தாராளம். வரைந்தவர் விளக்கம் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். விளக்கமெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. மரத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்து, ஒவ்வொரு துண்டும் எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நாட்கள் அவைதான்.

மரம் வாங்கும்போது தராசு கையில் இருக்கட்டும். ஒரே அளவுள்ள இரண்டு பால்சாப் பலகைகளில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு எடை இருக்கும். கனமானது ஸ்பாருக்கு, லேசானது வாலுக்கு. மேற்பரப்பில் பொடிப்பொடியாகப் பளபளக்கும் புள்ளிகளோடு, வளைக்க விடாமல் விறைப்பாக இருக்கும் பலகைகளை ரிப்புக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கஞ்சத்தனம் கூடாத இடங்களும் உண்டு. எஞ்சின் பூட்டும் ஃபயர்வால், சக்கரக்கால் பொருந்தும் இடம், இறக்கையும் உடலும் சேரும் இடம், கீல்கள். என் முதல் பெட்ரோல் விமானத்தின் ஃபயர்வாலை ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையால் ஒட்டியிருந்தேன். பத்துப் பன்னிரண்டு முறை பறந்த பிறகு ஒரு நாள் துடைக்கும்போது ஒட்டின் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. விரலால் எஞ்சினை மெல்ல அழுத்தினேன், கோடு திறந்து மூடியது. எண்ணெய் உள்ளே இறங்கி, அதிர்வில் ஒட்டு விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைப் பார்க்காமல் பறக்கவிட்டிருந்தால் எஞ்சின் நடுவானில் கழன்றிருக்கும். நீங்கள் அரை மணி நேரமாவது எடுத்து இறுகும் எபாக்சியால் ஒட்டி, உள்மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து, பக்கவாட்டில் துளையிட்டு மர ஆணிகள் இறக்குங்கள். பிறகு எஞ்சின் அறை முழுவதும் எபாக்சியை மெல்லிசாகப் பூசிவிடுங்கள்.

பேட்டரியிலிருந்து பெட்ரோலுக்கு வருவதால் இன்னும் சில விஷயங்கள். இவை பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள், பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். எஞ்சினோடு வரும் குறிப்பில் 40க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 25 மில்லி. சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், பெட்ரோலுக்கென்றே வரும் குழாயைப் போடுங்கள். தீப்பொறி தரும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, அதற்கும் ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் நடுவே குறைந்தது 30 சென்டிமீட்டர் தூரம், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு உலோகக் கம்பிக்குப் பதில் நைலான் தண்டு. தரையிலிருந்தே எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. விமானத்தைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ப்ரொப்பெல்லரைத் தட்ட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு அதன் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, கார்புரேட்டரைத் திருகுவதானால் பின்னால் போய் நின்று திருகுங்கள்.

நண்பர் சொல்வதில் தப்பில்லை. பறக்கவிடுவதில்தான் ஆசை என்றால் முழுதாகச் செய்ததை வாங்குங்கள், நன்றாகவே பறக்கும். ஆனால் வரைபடத்தை விரித்து மலைத்துப்போன பிறகும் ரிப்பின் தடிமன்வரை பார்த்திருக்கிறீர்கள். செய்து பார்க்கும் ஆசை இருப்பவர்தான் அப்படிப் பார்ப்பார்.

மெல்லிசான மரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்காவைச் சேர்ந்த மாதிரி விமான வடிவமைப்பாளர் மேனார்ட் ஹில் ஞாபகத்துக்கு வருவார். 2003 ஆகஸ்டில் அவர் செய்த ஒரு மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. 3,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 39 மணி நேரம். பால்சா மரமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும்தான், எரிபொருளோடு சேர்த்தே 5 கிலோவுக்குள். அப்போது அவருக்கு வயது 77, கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

வாலிலிருந்து ஆரம்பியுங்கள். கீலும், வாலின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவும் மாட்டுவதற்கு முன், வெறும் மரமாக, அது எத்தனை கிராம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.