முதல் நாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்து, திங்கட்கிழமை சேர்ந்தேன். காலையெல்லாம் படிவங்களில் கையெழுத்து. மதியம்தான் லேப்டாப் கைக்கு வந்தது. ரெப்போவை (கம்பெனியின் புரோகிராம் கோடு மொத்தமும் இருக்கும் இடம்) குளோன் செய்து, அதாவது என் லேப்டாப்பில் நகலெடுத்து, திறந்தால் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். செட்டப் டாக்குமென்டில் இருந்தபடியே எல்லாம் செய்தும் பில்ட் (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் வேலை) ஓடவில்லை. சாயங்காலம் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் எல்லாரும் யூஏடி, எஸ்எல்ஏ என்று பேசினார்கள், ஒன்றும் புரியவில்லை. என் முறை வந்தபோது "சொல்ல ஒன்றுமில்லை" என்று முடித்துக்கொண்டேன். ராத்திரி அப்பா போன் செய்து "வேலை எப்படிம்மா?" என்றார். அவர் கொத்தனார். "நல்லா இருக்குப்பா" என்று வைத்துவிட்டு ஹாஸ்டலில் அழுதேன். இந்த வேலை எனக்கு ஒத்துவருமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் எடுத்துவிட்டு இதை வெளியிடுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

"டாக்குமென்டில் இருந்தபடியே செய்தும் ஓடவில்லை" என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை உங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது டாக்குமென்டின் குறை. அதை எழுதியவரின் மெஷினில் எல்லாம் எப்போதோ நிறுவியாயிற்று. நடுவில் யாரோ ஒரு லைப்ரரியை (வேறு யாரோ எழுதிவைத்த தயார் கோடு) சேர்த்திருப்பார்கள், ஜாவாவோ நோடோ ஒரு வெர்ஷன் ஏறியிருக்கும். பழைய ஆட்களுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஒன்றுமில்லாத புது லேப்டாப்போடு உட்காருபவருக்கு மட்டுமே அந்த ஓட்டை கண்ணில் படும். அந்த டீமில் இன்றைக்கு அது நீங்கள்தான். இன்னும் ஒரு மாதம் போனால் உங்களுக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் ஒரு நோட்டு போட்டு, எந்தப் படியில் நின்றது, என்ன எரர் வந்தது, எப்படிச் சரியானது என்று இந்த வாரமே எழுதி வையுங்கள்.

2004-இல் திருவான்மியூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்தபோது, கோடில் செய்த மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கிடையாது, அதே வேலைக்கான பழைய கருவி சிவிஎஸ் காலம். புரோகிராம் கோடை லேப்டாப்பில் இறக்க முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், கேட்கக் கூச்சம். மூன்றாம் நாள் பக்கத்து சீட் அண்ணன் ஒருவர் தானாகவே எட்டிப் பார்த்து, "இந்த வேரியபிளை செட் பண்ணணும்ப்பா, டாக்குமென்ட்ல விட்டுப்போச்சு" என்றார். அரை நிமிடம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். அரை மணி நேரம் முயன்று பாருங்கள். முடியாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். தனியாக ஒருவரிடம் கேட்பதைவிட டீம் சேனலில் கேட்பது நல்லது. பதில் அங்கேயே கிடக்கும், அடுத்து வருபவருக்கும் உதவும். (பாஸ்வேர்டு, கீ எதையும் அதில் ஒட்டிவிடாதீர்கள். கம்பெனியின் புரோகிராம் கோடை வெளி ஏஐ தளங்களில் போடும் முன் அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஸ்டாண்ட்-அப்புக்கு வருகிறேன். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடையாக நிற்கிறது: வழக்கமாக இந்த மூன்றுக்காகத்தான் அந்தக் கால் மணி நேரம். இதில் மூன்றாவதற்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தது. "பில்ட் இந்த இடத்தில் நிற்கிறது, யாராவது பத்து நிமிடம் பார்க்க முடியுமா?" என்று நாளைக்குச் சொல்லிவிடுங்கள். பாதி தமிழில் சொன்னாலும் சரி. அந்தச் சுருக்கெழுத்துகளுக்கும் தமிழ்வழிக்கும் சம்பந்தமே இல்லை. யூஏடி என்றால், செய்ததைப் பயன்படுத்தப்போகிறவர்களே சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் கட்டம். எஸ்எல்ஏ என்றால், எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்து தருவோம் என்பது மாதிரி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் உறுதி. லண்டனில் பிறந்தவருக்கும் யாராவது ஒருமுறை சொன்னால்தான் இது தெரியும்.

ஆயிரக்கணக்கான ஃபைல்கள் என்று மலைத்திருக்கிறீர்கள். கிட் லாக் கட்டளையில் ரிவர்ஸ் என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், அந்த ரெப்போவின் முதல் கமிட்டிலிருந்து (கமிட் என்றால் சேமித்து வைத்த ஒரு மாற்றம்) வரிசையாக வரும். நீங்கள் குளோன் செய்யப் பயன்படுத்திய கிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் போட்ட அதன் முதல் கமிட்டில் இருந்தது 11 ஃபைல்கள், ஆயிரத்துச் சொச்சம் வரிகள். மற்றதெல்லாம் எத்தனையோ பேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. உங்கள் கம்பெனி கோடும் அப்படித்தான் வளர்ந்திருக்கும். அதை முழுசாகத் தெரிந்தவர் அந்த டீமில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஒரு திரை, ஒரு பட்டன், அதை அழுத்தினால் கோடில் எந்த ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் துண்டுக்கு) போகிறது என்று ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்த வாரத்துக்கு அது போதும்.

ஒத்துவருமா என்ற கேள்விக்கு முதல் நாளை வைத்துப் பதில் சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. ஆறு மாதம் இருக்கிறது.

அப்பாவிடம் மட்டும் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போன முதல் நாளே அவர் கையில் கரண்டியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். சாந்துச் சட்டி தூக்கின நாட்களைக் கேட்டுப் பாருங்கள், நிறையச் சொல்வார்.