வேதம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது அம்மிச்சியின் வேதாகமம் கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. முழுவதும் வாசித்து அதன்படி நடக்க ஆசை. இரண்டு முறை ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனேன்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் புத்தகத்தைக் காப்பாற்றுங்கள். வெயிலில் போட்டால் பழைய தாள் முறுகிவிடும். நிழலில் விரித்து, மெல்லிய பிரஷால் தாள் தாளாகத் துடையுங்கள். தையல் இடுக்கை விட்டுவிடாதீர்கள், பூச்சி ஒளிவது அங்கேதான். கிழிசலில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். நாளானால் பசை பழுப்பேறி எழுத்தையும் கெடுத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்பைத் தனி முடிச்சாகப் பக்கத்தில் வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். தினசரி வாசிப்புக்கு வேறு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லேவியராகமத்தில் பலரும் நின்றுபோகிறார்கள். முதல் 7 அதிகாரமும் பலிமுறைகள்; அதுவரை வந்த கதையோட்டம் அறுந்துவிடுகிறது. இம்முறை 2 இராஜாக்கள் 22, 23இல் தொடங்குங்கள். உங்கள் பரண் சங்கதிதான் அது. ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தை, அதாவது மோசேயின் சட்டநூலைக் கண்டெடுக்கிறான். அரண்மனை எழுத்தன் சாப்பான் வாசிக்கக் கேட்ட யோசியா ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். அப்போது அவனுக்கு வயது 26.

அதே நாளில் எரேமியா 36ஐயும் வாசியுங்கள். யோசியாவின் மகன் யோயாக்கீம், எரேமியா சொன்ன கர்த்தருடைய வார்த்தைகளை எழுதிய சுருளை, மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போடுகிறான். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். தகப்பன் கிழித்தது தன் உடையை, மகன் கிழித்தது வேதத்தை. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா.

அடுத்து உபாகமம், நாளுக்கு ஓர் அதிகாரமாக 34 நாள். யோசியா கேட்டது இதன் பெரும்பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கூடவே 119ஆம் சங்கீதம்: 176 வசனம், எட்டெட்டாக 22 காலை. லேவியராகமத்துக்கு அப்புறம் வரலாம். 19ஆம் அதிகாரத்தின் வழியாக நுழையுங்கள்.

கேள்வி: கன்வென்ஷன் கூட்டங்களில் எங்களை ஆண்டவருக்கு அர்ப்பணிக்கிறோம். மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லையே?
– வாசகர், ஈரோடு

பதில்: "இனி நல்லபடி நடப்பேன்" என்றால் எது மீறல் என்பதே தெரியாது. நெகேமியா 10இல் ஜனங்கள் செய்த உடன்படிக்கையைப் பாருங்கள். ஓய்வுநாளில் விற்க வந்தால் வாங்கமாட்டோம், ஏழாம் வருஷம் கடனை விட்டுவிடுவோம், ஆலயத்துக்கு வருஷம் சேக்கல் என்ற வெள்ளி நிறையில் மூன்றில் ஒரு பங்கு, விறகு கொண்டுவர யார் முறை என்று சீட்டுப்போடுவது. அதற்குத் தலைவர்கள் பெயர் பெயராக முத்திரை போட்டார்கள்.

அதுவும் 13ஆம் அதிகாரத்தில் உடைந்தது. யூதாவின் அதிபதி நெகேமியா பெர்சிய ராஜாவிடம் போயிருந்த இடைவெளியில் ஆலயத்தின் காணிக்கை அறை அவனுடைய எதிராளி தொபியாவுக்குப் போயிற்று; பங்கு கிடைக்காத லேவியர், அதாவது ஆலயப் பணியாளர்கள், வயலுக்கு ஓடிவிட்டார்கள். விசாரிக்க ஆளில்லை. திரும்பி வந்தவன் அறையைக் காலி செய்து, பண்டகசாலைக்கு உண்மையுள்ள நான்கு பேரை நியமித்தான். நீங்களும் இரண்டே காரியத்தைத் தேதி போட்டு எழுதி, சபையில் ஒருவரிடம் கொடுத்து, மாதம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேங்காய்ப் பருப்பு வியாபாரம் செய்கிறேன். வேதத்தின்படி நடக்க எங்கே தொடங்குவது? கிறிஸ்தவன் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவனா?
– வாசகர், காங்கேயம்

பதில்: தராசில் தொடங்குங்கள். பையில் பெரிதும் சிறிதுமாக நிறைகற்கள் வேண்டாம் என்கிறது உபாகமம் 25:13. இன்று கல் ஒன்றுதான், கழிவுதான் இரண்டு. விவசாயியிடம் ஈரம் என்று கண்மதிப்பில் கிலோவைக் கழித்துவிட்டு, அதே சரக்கை மில்லுக்குக் காய்ந்தது என்று தள்ளினால் அது இரண்டு கல்தான். ஈரமானியில் அவர் கண்முன்னே அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சாக்குக்குக் கழிப்பது காலிச் சாக்கை நிறுத்துப் பார்த்த எடை மட்டுமே. வாரம் ஒருமுறை முத்திரையிட்ட 20 கிலோ கல்லை மின்தராசின் நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் சரிசெய்யும்வரை அதில் நிறுக்காதீர்கள்.

களத்தில் உடைக்கிறவர்கள், தோண்டுகிறவர்களின் கூலியைப் பொழுது இறங்குமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. சனிக்கிழமைக் கூலி என்று ஆட்களே ஒப்பியிருந்தால் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குத் தள்ளக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு: பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன, எபிரெயர் 10 பாருங்கள். ஆனால் பிறனில் அன்புகூரு என்று இயேசு எடுத்துச் சொன்னது லேவியராகமம் 19:18. அதே அதிகாரத்தில் 13ஆம் வசனம் கூலி, 36ஆம் வசனம் தராசு.