புது வண்டி விலை பேசுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினாறு வருடம் கார் ஷோரூமில் விற்பனைப் பக்கம் இருந்தவன் நான், முதலில் ஈரோட்டில், அப்புறம் கோவையில். இப்போது அந்த வேலையில் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருப்பூர் வாசகர்: அண்ணா, எக்ஸ்-ஷோரூம் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? "கம்பெனி ரேட், ஒரு ரூபாய் குறையாது" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை வைப்பது கம்பெனி. அதில் டீலருக்கு நிற்பது கொஞ்சம்தான். அவருக்குக் காசு வருவது அதற்குக் கீழே இருக்கிற அயிட்டங்களில்: இன்ஷூரன்ஸ், லோன் கமிஷன், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச், ஹேண்ட்லிங் சார்ஜ். நீங்கள் பேச வேண்டிய இடமும் அதுதான்.

எக்ஸ்-ஷோரூமில் 15,000 குறைத்துவிட்டார்கள் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார் ஒருவர். இன்ஷூரன்ஸில் 12,000, "பேசிக் கிட்" என்ற பெயரில் 9,000 ஏறியிருப்பதைப் பார்த்திருக்க மாட்டார். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பேசுங்கள்: எல்லாம் சேர்த்து நீங்கள் கட்டும் ஆன்-ரோடு தொகை. அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு அயிட்டமாக எழுதி, ஷோரூம் சீலோடு கொட்டேஷன் வாங்குங்கள். வாய்ப் பேச்சில் சொன்ன தள்ளுபடிக்கு மதிப்பில்லை.

கேட்கும் விதமும் முக்கியம். "எவ்வளவு டிஸ்கவுண்ட்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "இந்த வேரியண்ட்டுக்கு இந்த மாதம் கம்பெனி சர்க்குலரில் என்ன இருக்கிறது? அதற்கு மேல் டீலர் பக்கம் என்ன தருவீர்கள்?" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். கன்ஸ்யூமர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் ஆஃபர், லாயல்டி போனஸ் எல்லாம் கம்பெனி கொடுப்பது. அதை டீலர் தன் கையிலிருந்து தருவதுபோலப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு ஷோரூமில் விலை கேட்கும்போது, அது வேறு முதலாளியுடையதா என்று பாருங்கள். ஒரே குழுமத்தின் இரண்டு கிளைகளுக்குப் போய் வருவது வீண் அலைச்சல்.

என் அனுபவம் ஒன்று. மாதக் கடைசி நாள் சாயங்காலம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். நான் போட்டுக் கொடுத்த தாளை மேஜையில் விரித்துவைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்து, "இது எதுக்கு தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500 வந்ததும் என்னிடம் பதில் இல்லை. டெப்போவிலிருந்து வண்டி வருகிற செலவு ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். மேனேஜரிடம் போனேன், அந்த வரியை அடித்துக் கொடுத்தார். அந்த மாத டார்கெட்டுக்கு இன்னும் இரண்டு வண்டி பாக்கி இருந்தது.

தஞ்சாவூர் வாசகி: மகள் காலேஜ் போக ஸ்கூட்டர் எடுக்கிறோம். கொட்டேஷனில் ஹெல்மெட் 1,200, சாரி கார்டு 850, ஃபிட்டிங்ஸ் 2,900 என்று போட்டிருக்கிறார்கள். கட்டாயமா?

இல்லை அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 138இன்படி, டூவீலர் வாங்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டை நிறுவனமே தர வேண்டும். விதி 123இன்படி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் வண்டியோடு இருந்தாக வேண்டும். சாரி கார்டு என்று தனியாக விலை போடுவது அந்தத் தடுப்பைத்தான். இந்த இரண்டு விதி எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மரியாதையாகக் காட்டினாலே போதும்.

"ஃபிட்டிங்ஸ்" என்பதற்கு உள்ளே என்னென்ன என்று கேளுங்கள். க்ராஷ் கார்டு, சீட் கவர், ஃப்ளோர் மேட் மாதிரி ஏதாவது சொல்வார்கள். பிடித்ததை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு கேட்டாலும் விடாதீர்கள். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நிறுவனம்தான் வண்டியோடு தர வேண்டும்.

முக்கியமாக, பணத்தை ஷோரூம் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். விற்பனைப் பையன் தன் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னால் பண்ணாதீர்கள், அவன் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும்.

மதுரை வாசகர்: எனக்கு எந்த கார் நல்லது? பட்ஜெட் 9 லட்சம்.

அது என் துறை இல்லை. குடும்பத்தோடு போய் நாலு வண்டி ஓட்டிப் பாருங்கள். விலை பேசும்போது வாருங்கள்.

நாமக்கல் வாசகர்: மார்கழியில் எடுத்தால் மலிவு என்கிறார்களே, உண்மையா? வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உண்மைதான். டிசம்பரில் நாடு முழுக்க ஷோரூம்கள் அந்த வருடத்து ஸ்டாக்கைத் தள்ளப் பார்க்கும். நம் ஊரில் பாதி டிசம்பர் மார்கழி, ஆள் வரத்தே இருக்காது. அந்த இரண்டு வாரத்தில் டீலருக்கு வரும் நெருக்கடி வேறு எப்போதும் வராது. ஆடி மாதமும் இப்படித்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

பெரியவர்கள் மனசு நோக வேண்டாம். மார்கழியில் விலை பேசி, டிசம்பருக்குள் பில் போட்டு, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கிறவர்கள் நிறைய. ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம், அதிலிருந்தும் தப்பிக்கலாம். எழுத்தில் இரண்டு விஷயம் வாங்குங்கள்: டெலிவரி தேதி, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் வருடமும் பழையதாக விழும். விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் பார்ப்பார். எட்டு, பத்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் பரவாயில்லை. மூன்று வருடத்தில் மாற்றுகிற ஆள் என்றால், தள்ளுபடி அந்த நஷ்டத்தைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போன வருடத்து வண்டியைப் புது வண்டி விலைக்கே கொடுத்துவிடுவார்கள். ஃபார்ம் 21 என்கிற விற்பனைச் சான்றில் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கரூர் வாசகர்: ஜிஎஸ்டி குறைந்த பிறகும் தள்ளுபடி கேட்கலாமா?

தாராளமாக. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் போய் 18 சதவீதம் ஆனது அரசு குறைத்தது. டீலர் கொடுத்தது இல்லை.

சேலம் வாசகர்: நான் ஷோரூமில்தான் வேலை பார்க்கிறேன். அண்ணா, நீங்களும் எங்களில் ஒருவராக இருந்துவிட்டு இப்படிப் பேசலாமா? எங்களுக்குச் சம்பளம் கொஞ்சம், இன்சென்டிவில்தான் வீடு ஓடுகிறது. வெளியே இன்ஷூரன்ஸ் போட்டவர்கள் கிளெய்ம் நேரத்தில் எங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

தம்பி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் சாப்பாடு இறங்காமல் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதற்காக வாங்குகிறவரிடம் மறைத்துச் சேர்க்கக் கூடாது. ஷோரூம் இன்ஷூரன்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கையிலிருந்து காசு கட்டாமல் ரிப்பேர் பார்க்கும் கேஷ்லெஸ் வசதி கிடைப்பது, பாலிசி தந்த கம்பெனிக்கு அந்த ஒர்க்‌ஷாப்போடு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்ததில்லை.

சேலம் வாசகர் மீண்டும்: வெளியே மலிவாகத் தெரிவதற்குக் காரணம் ஐடிவியை, அதாவது வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் தொகையை, குறைத்துக் காட்டுவதுதான். தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஜீரோ டெப் கூட இருக்காது. அதையும் சொல்லுங்கள்.

இதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்லாரும் கவனியுங்கள். புது வண்டிக்கு ஐடிவி என்பது பட்டியல் விலையில் 5 சதவீதம் கழித்தது. இரண்டு கொட்டேஷனிலும் ஐடிவி ஒன்றாக இருக்கிறதா, ஜீரோ டெப், தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் கைகொடுக்கும் என்ஜின் புரொடெக்ட் இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொகையை ஒப்பிடுங்கள். காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடும் டூவீலருக்கு ஐந்து வருடமும் 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அந்தப் பங்கு எங்கே போட்டாலும் ஒரே தொகை. வித்தியாசம் வருவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பங்கில்தான்.

என் அண்ணன் மகன் கார் வாங்கியபோது ஷோரூமில் 52,000 சொன்னார்கள். அதே ஐடிவி, ஜீரோ டெப் மாதிரி அதே கூடுதல் கவர்கள் (ஆட்-ஆன்), வெளியே 37,000. அந்தத் தாளைக் காட்டினோம். ஷோரூம் 39,000க்கு இறங்கியது, அங்கேயே போட்டுக்கொண்டோம். இப்படிச் செய்தால் உன் இன்சென்டிவும் போகாது தம்பி.

வேளச்சேரி வாசகர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் காருக்குள் தண்ணீர் போனது. என்ஜின் புரொடெக்ட் இல்லாததால் முழுச் செலவும் என் தலையில். விலை குறைக்க வேண்டும் என்று அதை எடுத்துவிட்டது நான்தான்.

சொன்னதற்கு நன்றி. சென்னைக்காரர்கள் அந்த ஒரு ஆட்-ஆனில் கை வைக்காதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் கூடாது.

இன்ஷூரன்ஸில் யாரும் கேட்காத ஒன்று: உங்கள் பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் கழியும். பழைய வண்டியை விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அந்த போனஸுக்கான கடிதத்தை வாங்கிப் புது காருக்குப் போடுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: என் காருக்கு எவ்வளவு டிஸ்கவுண்ட் கிடைக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: 7 சதவீத வட்டி என்று ஷோரூம் லோன் தருகிறார்கள். வங்கியில் 9 சொல்கிறார்கள். ஷோரூமே நல்லதுதானே?

அந்த 7 ஃப்ளாட் வட்டியா, அதாவது கடன் குறையக் குறையவும் முழுக் கடனுக்கே கடைசி வரை போடும் வட்டியா என்று கேளுங்கள். 5 லட்சம், ஐந்து வருடம், 7 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி மட்டும் 1,75,000, மாதத் தவணை 11,250. மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 12.5 சதவீதம். வங்கியின் 9 சதவீதத்தில் தவணை சுமார் 10,380. மாதம் 870 ரூபாய், 60 மாதம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கடலூர் வாசகர்: பாண்டிச்சேரியில் பதிவு செய்தால் வரி குறையுமே?

அங்கே குடியிருந்தால் செய்யுங்கள். பொய் முகவரி கொடுத்துச் செய்வதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: 9.95 லட்சம் வேரியண்ட்டா, 10.10 லட்சம் வேரியண்ட்டா? 15,000தான் வித்தியாசம்.

15,000 இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை சாலை வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. முதல் வண்டிக்கு 1,29,350, இரண்டாவதுக்கு 1,81,800. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (டீலர் உங்களிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) வேறு. அந்த டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், சாலை வரியைப் பெற முடியாது.

விருதுநகர் வாசகர்: புக்கிங் பணத்தை சேல்ஸ்மேன் ஜிபேயில் கேட்கிறார், அனுப்பலாமா?

தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்ன பதில்தான். கூடாது. இதைப் படிக்கிற எல்லாருக்கும்: கூடாது.

ராமநாதபுரம் வாசகர்: எக்ஸ்சேஞ்சில் பழைய காருக்கு 2.4 லட்சம் தருகிறார்கள். போதுமா?

வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். புது வண்டி விலையைப் பேசி முடித்த பின்பே பழையதைப் பற்றி வாய் திறங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் இங்கே கூட்டி அங்கே கழிப்பார்கள்.

அதைவிட முக்கியம், ஆர்சி பெயர் மாற்றம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர் வீட்டுக்கு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்ததைப் பார்த்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்ட நகலும், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி சீட்டும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறும் வரை மாதம் ஒருமுறை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள்.

அரியலூர் வாசகர்: நாளைக்கு டெலிவரி. என்ன பார்க்க வேண்டும்?

பதிவு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் தாமதம். எல்லாரும் பதிவுக்கு முன்பே யார்டுக்குப் போய், உங்கள் சேஸிஸ் நம்பர் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்களுக்கு இப்போது சொல்லக்கூடியது: கிலோமீட்டர் ரீடிங், நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் இருக்கும் நாலு இலக்க எண் (3225 என்றால் 2025இன் 32ஆவது வாரம்), கதவு ஓரங்களில் பெயிண்ட் நிறம். ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் டெலிவரி சீட்டில் எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கிய பிறகு மாலை போடுங்கள்.