பெரிய கோயிலும் பெரிய நோட்டும்

கேள்வி: பத்து ரூபாயில் கோனார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, நூறில் குஜராத்தின் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. தமிழ்நாட்டிடம் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? தஞ்சைப் பெரிய கோயில் இவர்கள் கண்ணில் படவே இல்லையா?

பதில்: பட்டது ஐயா, 1954-லேயே பட்டது. அப்போது வெளியான ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்புறம் பெரிய கோயில்தான். உங்கள் தாத்தாவைக் கேட்டால் அவரும் பார்த்ததில்லை என்றுதான் சொல்வார். ஆயிரம் ரூபாயை ஒரே தாளாகக் கையில் பிடிக்கும் வசதி அன்று எத்தனை வீடுகளில் இருந்தது? ராஜராஜன் ஊரறிய எழுப்பிய விமானம் (கோபுரம் என்று எழுதினால் அதற்குத் தனியாக நாலு கடிதம் வரும்) இரும்புப் பெட்டிகளுக்குள் காலம் தள்ளியது. கறுப்புப் பணத்தை ஒழிக்கிறோம் என்று 1978 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கோயிலும் கூடவே போயிற்று.

அடுத்த கதை தெரிந்ததுதான். 2016-ல் வந்த இரண்டாயிரம் ரூபாயில் மங்கள்யான். அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நெல்லை மாவட்டத்துக்காரர். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய நோட்டு நமக்கு ராசியில்லை.

தமிழுக்கு இடமில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த ரிசர்வ் வங்கி நோட்டையும் திருப்பிப் பாருங்கள். பதினைந்து மொழி வரிசையில் பதின்மூன்றாவது வரி நம்முடையது. ஹம்பித் தேரைக் காட்டிக் கர்நாடகத்துக்காரர் யாரும் எங்கும் தள்ளுபடி வாங்கியதாகவும் தெரியவில்லை.

என் குறை வேறு. ஒரு காலத்தில் ஒரு ரூபாயில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை இருந்தது, இரண்டில் ஆரியபட்டா செயற்கைக்கோள், ஐந்தில் டிராக்டர் ஓட்டும் உழவர், நூறில் ஹிராகுட் அணை. உழைக்கிற தேசம் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நோட்டுகள் அவை. இப்போது சுற்றுலாத் துறையின் காலண்டரைப் புரட்டுவது போலிருக்கிறது.

ஆகவே, கேட்பதென்றால் கல்லணையைக் கேளுங்கள். இன்றும் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கிற அணை அது. அதையும் பத்து ரூபாயில் கேளுங்கள். கீரை விற்கும் அம்மாவின் சுருக்குப்பை வரைக்கும் போய்ச் சேரும்.