மையால் அச்சடித்த சென்சரும் பிள்ளையின் பாடத் தெரிவும்

ஐயா, "வெப்பநிலை அளக்கிற சென்சரைப் பிளாஸ்ரிக் தாளில் அச்சடிக்கிறார்களாம், நான் அதைத்தான் படிக்கப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னதும் உங்கள் முகம் வாடியதைக் கண்டேன். அவள் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை.

கலியாணக் கார்ட் அடிக்கிற ஸ்கிரீன் பிரின்ரிங் கடையை நினைத்துப் பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் மை, இறப்பர் கட்டையால் ஒரே இழுவை. இங்கே மை மட்டும்தான் வேறு. வெள்ளித் துகள் கலந்த மையில் இரண்டு கோடு, நடுவில் காபன் மையில் ஒரு பட்டி, அப்புறம் 120 பாகை அளவில் சூளையில் உலர்த்துவார்கள். சூடு மாறினால் பட்டியின் மின்தடை மாறும். அதை அளந்து வெப்பநிலையைச் சொல்லலாம். ஆனால் தாள் வளைந்தாலும் தடை மாறும், ஈரம் ஏறினாலும் மாறும். எது சூட்டால் வந்த மாற்றம் என்று பிரித்தறிவதும், ஈரம் புகாத பூச்சைக் கண்டுபிடிப்பதும்தான் இந்தத் துறையின் பெரும்பாடு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற உங்களுக்கு, பெட்டிக்குள் சூடு ஏறினால் என்ன நட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெட்டியின் உட்சுவரில் ஒட்டக்கூடிய மெல்லிய தாள் இது.

சரி, உயர்தரப் பாடத் தெரிவுக்கு வருவோம். இரசாயனவியலுக்குப் பதிலாக ஐசிரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம். மை என்பதே இரசாயனம்தான். அதோடு பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மெற்றீரியல்ஸ் பொறியியல், அதாவது மூலப்பொருள்களைப் பற்றிய பொறியியல், இருக்கிறது, அதுதான் இதற்கு மிக நெருக்கம். புள்ளி போதாவிட்டால் மனம் உடைய வேண்டாம். நம் திருகோணமலை வளாகத்திலேயே பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

அச்சடித்த சென்சர் என்ற பெயரிலேயே ஊரில் வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இலத்திரனியலும் இரசாயனமும் சேர்ந்து தெரிந்த பிள்ளைக்கு மருத்துவக் கருவி, பொதியிடல், ஆடைத் தொழில் என்று பல வாசல் உண்டு.

இப்போதைக்கு 10,000 ஓம் தெர்மிஸ்டர் (சூடு குறையக் குறைய மின்தடை ஏறும் வகை) ஒன்றும், அந்தத் தடையை அளக்க ஒரு மல்ரிமீற்றரும் வாங்கிக் கொடுங்கள். அச்சடித்ததல்ல, கடையில் கிடைக்கிற சாதாரண வகைதான். 25 பாகையில் 10,000 ஓம் காட்டுவது, உங்கள் ஐஸ் பெட்டித் தண்ணீரில் வைத்தால் 30,000 பக்கம் ஏறும். ஐஸ் உருக உருக அளவை அவளே கொப்பியில் எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.